விமானத்துக்கும் காய்ச்சல் வருமா?

உடம்பு சுட்டால் மருத்துவர் உடனே ஊசி போட்டுவிடுவதில்லை. வெப்பமானி வைக்கிறார், கேள்விகள் கேட்கிறார், பிறகே மருந்து. சிறு விமானத்தின் எஞ்சின் சூடேறினாலும் இதே முறைதான், தோழியரே!

1955-ல் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நால்வர் அமரலாம்; ஆனால் எஞ்சின் ஒன்றுதான். வானில் அது பழுதானால் துணைக்கு வேறொன்று இல்லை.

மோட்டார் காரில் உள்ளதுபோல் அதற்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றே அதைக் குளிர்விக்கிறது. மூக்குப் பகுதியின் துவாரங்கள் வழியே புகும் காற்று, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் தகடுகளினூடே மேலிருந்து கீழாகப் பாய்ந்து வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. காற்று வேறு வழியில் நழுவாதபடி தடுப்புகளும் ரப்பர் பட்டைகளும் உண்டு.

இவ்விமானங்கள் பலவற்றில் உள்ள லைகமிங் எஞ்சினில் சிலிண்டர் தலையின் வெப்பம் 500 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 260 டிகிரி செல்சியஸை, மீறக்கூடாது. மீறினால் எஞ்சின் சேதமடையும். எஞ்சின் நெடுநாள் உழைக்க 400 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருப்பதே நலம்.

செங்குத்தாக ஏறும்போது எஞ்சினுக்கு உழைப்பு அதிகம். வேகம் குறைவதால் காற்றும் குறைவு. அப்போது சூடு ஏறினால், விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவார். கலவையில் பெட்ரோலின் அளவை அதிகமாக்குவார். தேவையானால் எஞ்சினின் விசையைக் குறைப்பார்.

தரையிறங்கியபின் மெக்கானிக்கின் முதற்கேள்வி: "சூடானது எஞ்சினா, பொய் சொல்வது கருவியா?" சூடாகக் காட்டும் சிலிண்டரின் வெப்ப உணர்வியை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார். சூடும் கூடவே இடம் மாறினால் குற்றம் கருவியினுடையது. மாறாவிட்டால் குற்றம் சிலிண்டர் பக்கமே.

அடுத்த கேள்வி: "சூடு ஒன்றிலா, எல்லாவற்றிலுமா?" ஒன்றில் மட்டும் என்றால், அதனருகே ரப்பர் பட்டை கிழிந்திருக்கலாம், தகடுகளிடையே பறவைக்கூடோ குப்பையோ அடைத்திருக்கலாம். எல்லாவற்றிலும் என்றால், கலவையில் பெட்ரோல் குறைவாயிருக்கலாம்; தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே எழலாம்; காற்று புகும் வழியே அடைபட்டிருக்கலாம்.

இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிவந்தால் உண்மைக் காரணம் தானே வெளிப்படும். ஆராயாமல் சிலிண்டரை மாற்றினால் பணம் வீண், நோயும் தீராது. கருவி பொய் சொல்கிறதென்று அலட்சியமாய் விட்டாலோ, ஆபத்து நால்வரின் உயிருக்கு!

காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்பார்கள். அது விமானத்துக்கும் பொருந்துகிறதல்லவா?