நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறதா?

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி, சிராங்கூன் சாலையில் நிற்கிறது ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடிகளும் பால்குடங்களும் புறப்படுவது இங்கிருந்துதான். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேலான தூரம், செருப்பில்லாத கால், வெயில் ஏறினால் சுடும் தார்ச்சாலை. வயதில் மூத்தவர்களும் இந்தக் கூட்டத்தில் நடக்கிறார்கள்.

அதே வட்டாரத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் இன்னொரு வகை மூத்தவர்களும் இருக்கிறார்கள். தேக்கா சந்தைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறவர்கள். “வயசாச்சு, கால் இழுக்கத்தான் செய்யும்” என்று நடையையே விட்டுவிட்டவர்கள். வலியைப் பொருட்படுத்தாமல் வெறுங்காலோடு நடப்பது, வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிடுவது ஆகிய இரண்டுமே காலுக்கு ஆபத்தானவை. நோய் என்ன என்று தெரிந்த பிறகு, வலியை அளவுகோலாக வைத்து நடப்பதே மருத்துவம் சொல்லும் வழி.

நீரிழிவுக்கு எதிரான போரைச் சிங்கப்பூர் 2016இல் அறிவித்தது. இங்கே சீனர்களைவிட இந்தியர்களிடையே அந்த நோய் அதிகம். அதனோடு புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, முதுமை ஆகியவை சேரும்போது காலுக்குப் போகும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகுகிறது. 2015 கணக்குப்படி உலகில் சுமார் 23 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது.

எந்த வலி, எங்கிருந்து?

கால்வலி எல்லாம் ஒன்றல்ல. தமனி குறுகியவருக்குக் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகும். நின்றால் போதும், சில நிமிடங்களில் வலி போய்விடும். மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டவருக்கு வெறுமனே நின்றால் வலி தீராது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். அதனால்தான் தள்ளுவண்டியைப் பிடித்துச் சாய்ந்து நடக்கும்போது அவருக்குச் சுகமாக இருக்கிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் உள்ளங்காலின் தசைநார்த் தகடு புண்பட்டிருக்கலாம். நடையோடு சம்பந்தமில்லாமல் இரவில் பாதம் எரிந்தால், சர்க்கரையால் நரம்பு கெட்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

இவற்றில் இரண்டு மூன்று ஒரே காலில் சேர்ந்து வருவதும் உண்டு. நரம்பு மரத்துப்போனவருக்குத் தமனி அடைப்பின் வலியே தெரியாமலும் போகலாம். ஆகவே வலியை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

கண்டுபிடிக்கும் சோதனை எளிது, ஊசிகூட இல்லை. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுப்பார்கள். விடை 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தமனி சுண்ணாம்பேறி விறைத்திருப்பதால் எண் 1.40க்கு மேல் போய் ஏமாற்றலாம். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வலி வரும்வரை நடப்பது

அடைப்பு உறுதியாகி, இதயமும் பயிற்சியைத் தாங்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குவது இந்த நடை. கெண்டைக்கால் வலி ஓரளவு கடுமையாகும்வரை நடக்க வேண்டும். பிறகு நின்றோ உட்கார்ந்தோ அது முழுவதும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி நடை. ஓய்வையும் சேர்த்து முதலில் அரை மணி நேரம், போகப் போக முக்கால் மணி அல்லது அதற்கு மேல். வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம்.

இப்படி நடப்பதால் அடைப்பு கரைவதில்லை. கிடைக்கிற இரத்தத்திலிருந்து பிராணவாயுவை உறிஞ்சிப் பயன்படுத்தத் தசை பழகுகிறது, குழாய்களின் உட்சுவரும் நன்றாக விரியத் தொடங்குகிறது. வயிற்றுத் தமனியிலும் இடுப்புத் தமனியிலும் அடைப்பு உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘கிளெவர்’ ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. ஆறு மாத முடிவில், தமனியை விரிக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களைவிட மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கே டிரெட்மில்லில் நடக்கும் நேரம் அதிகம் கூடியிருந்தது. 2021இல் வெளியான ‘லைட்’ ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வலி வராத அளவுக்கு மெல்ல நடந்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை, வலி வரும்வரை வேகமாக நடந்தவர்களுக்குக் கிடைத்தது.

வெயிலும் மழையும் தடை என்றால், ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தோடு இணைந்த சிட்டி ஸ்கொயர் மால் போன்ற குளிரூட்டிய இடங்கள் இதற்குத் தோது. நடையே முடியாதவர்கள் கையால் சுற்றும் சைக்கிள் கருவி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

தமிழ்நாட்டு அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் நீரிழிவு உள்ளவர்; 2004இல் சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தார். அறுபதிலும் தாங்குதிறனைக் கூட்டலாம் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவருடையது தமனி அடைப்புக் கதை அல்ல. அவரைப் பார்த்து, சோதனை செய்யாத காலோடு 21 கிலோமீட்டர் ஓடக் கிளம்பக் கூடாது.

நல்லதென்று நினைத்துச் செய்யும் கெடுதல்

வீவக பேட்டைகளில் உள்ள கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பது பலருக்குப் பழக்கம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அதனால் வரும் கீறல் தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தக் கீறல் ஆறாது. நேர்த்திக்கடனுக்காக நடக்கிறவர்கள் முன்கூட்டியே பாதத்தைச் சோதித்துக்கொள்வதும், மருத்துவர் வேண்டாமென்றால் காலணியோடு உடன் நடப்பதும் நல்லது. காலாணிக்கு ஒட்டும் அமிலப் பட்டை, மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் இரண்டும் வேண்டாம். வீக்கத்துக்கென்று கடையில் வாங்கி மாட்டும் இறுக்கக் காலுறை, கடும் அடைப்பு உள்ளவருக்கு மிச்சமிருக்கும் ஓட்டத்தையும் நெரித்துவிடும்.

செலவும் உரிமையும்

நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை கேட்க வேண்டும். அதற்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். 40 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் பலதுறை மருந்தகத்திலோ சமூகச் சுகாதார உதவித் திட்ட (சாஸ்) மருந்தகத்திலோ பரிந்துரைக் கடிதம் வாங்குவது முக்கியம். அது இல்லாமல் நேரே போனால் மானியம் கைநழுவிப் போகும். விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், இரத்த ஓட்டத்தை மீட்க வழி உண்டா என்று கேட்கவும், அவசரமில்லாத நிலையில் இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

வேலை பார்க்கும் மூத்தவர்களுக்கு மறுவேலைவாய்ப்புச் சட்டம் இருக்கிறது. தகுதியுள்ள ஊழியருக்கு 68 வயது வரை, 2026 ஜூலை 1 முதல் 69 வயது வரை, மறுவேலை தர முன்வருவது முதலாளியின் கடமை. நாள் முழுக்க நிற்கிற பாதுகாவலர் உட்காரும் பணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். காரணமின்றி மறுவேலை மறுக்கப்பட்டால் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம்.

ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவை நிறைக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் மருத்துவச் செலவு சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆறு மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டில் 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரை. பாதுகாப்புக் காலணிக்குள் புண் வந்தவர் வேலை போய்விடுமோ என்று மறைக்கத் தேவையில்லை.

காத்திருக்கக் கூடாத நேரம்

படுத்திருக்கும்போதே விரல்கள் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் மட்டும் வலி குறைகிறது என்றால், அல்லது பாதத்துப் புண் இரண்டு வாரமாக ஆறவில்லை என்றால், நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரல் கறுத்தாலோ, புண்ணில் சீழும் காய்ச்சலும் கண்டாலோ அன்றே போக வேண்டும். திடீரென ஒரு கால் வெளிறி, சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால் அது தமனி முழுதும் அடைத்ததன் அடையாளம். காலைக் காப்பாற்றச் சில மணி நேரமே இருக்கும். 995ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் காலுக்கு ஒத்தடம் கொடுப்பதோ, தேய்ப்பதோ, தலையணை மேல் தூக்கி வைப்பதோ கூடாது.