மத்தள: யானைக் காட்டில் ஒரு விமான நிலையம்

இலங்கையின் தென்கோடியில், அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உலர்வலயக் காட்டுநிலத்தைத் திருத்தி அமைக்கப்பட்ட மத்தள ராஜபக்ச சர்வதேச விமான நிலையம், கட்டுநாயக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பன்னாட்டு விமான நிலையமாக 2013 மார்ச் 18 அன்று திறக்கப்பட்டது. சுமார் 20.9 கோடி டாலர் செலவில், பெரும்பகுதியைச் சீன எக்சிம் வங்கியின் கடனாகப் பெற்றுக் கட்டப்பட்ட இந்நிலையம், ஏ380 போன்ற பேருருவ விமானங்களும் இறங்கத்தக்க 3,500 மீட்டர் ஓடுபாதையையும், ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளைக் கையாளும் முனையத்தையும் கொண்டது.

எனினும் சுற்றுவட்டாரத்தில் பெருநகரமோ போதிய தொழில்வளமோ இல்லாததால் பயணிகள் திரளவில்லை. 2015 ஜனவரியில் ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் சேவையை நிறுத்திக்கொள்ள, தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஃபிளைதுபாயும் 2018இல் விலகியது. வெற்றுக் கிடங்குகளில் நெல் சேமிக்கப்பட்ட காலமும் உண்டு. இருப்பினும், வானிலையாலோ பழுதாலோ கட்டுநாயக்காவில் இறங்க முடியாத விமானங்களைத் திருப்பிவிடத்தக்க 'மாற்று விமான நிலையம்' என்ற பயன் இதற்கு எஞ்சியுள்ளது.

விமான நிலையத்திற்கும் வனவிலங்குகளுக்குமான உறவு இங்கு மேலும் சிக்கலானது. மரங்களை அகற்றி உருவாக்கப்படும் திறந்த புல்வெளி மான்களுக்கும் எருமைகளுக்கும் மேய்ச்சல் நிலமாகிறது. புல்லில் பெருகும் பூச்சிகளும் வடிகால்களில் தேங்கும் நீரும் பறவைகளை ஈர்க்கின்றன. வலசைப் பறவைகள் தங்கும் புந்தல ஈரநிலமும் இம்மாவட்டத்திலேயே இருப்பதால், பறந்துவரும் பறவை விமானத்தின் மீது மோதும் 'பறவை மோதல்' இங்கு இயல்பான ஆபத்தாகிறது. எந்திரத்தினுள் இழுக்கப்படும் பறவை அதன் விசிறித் தகடுகளைச் சிதைக்கக்கூடும் என்பதால், விமானங்கள் தாழப் பறக்கும் புறப்பாட்டு, தரையிறக்க வேளைகளே மிகுந்த கவனத்திற்குரியவை. 2016 மார்ச்சில் முந்நூறுக்கும் மேற்பட்ட படையினரும் காவலர்களும் வெடிகளுடன் யானை உள்ளிட்ட விலங்குகளை விரட்ட அனுப்பப்பட்டதோ, அவை ஓடுபாதைக்கு வரும் ஆபத்தைக் கருதியே.

விரட்டப்படும் யானைகளோ காட்டிற்குள் மட்டும் அடங்குவதில்லை. அறுவடை முடிந்த சேனை (காடு திருத்திப் பயிரிடும்) நிலங்களில் கோடைக்காலத்தில் மேய்ந்து பழகிய அவற்றின் வாழிடம் சுருங்கும்போது, நெருக்கடி அருகிலுள்ள ஊர்களின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் இடம்பெயர்கிறது. விமான நிலையத்திற்கு முதலில் கருதப்பட்ட இடமான வீரவில, அதன் நீர்நிலைகளின் சூழலைக் காக்கவேண்டிக் கைவிடப்பட்டே மத்தள தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை நோக்கினால், இடத்தேர்வின்போது ஓர் உயிரினத் தொகுதியைக் காப்பது மட்டும் போதாது, மாற்றிடத்தில் வாழும் உயிரினங்களின் நடமாட்டத்தையும் கட்டுமானத்திற்கு முன்பே அதே கவனத்துடன் ஆராய வேண்டும் என்பது தெளிவாகிறது.