எண்ணெயைத் தின்னும் கிருமிகள்!

தின்றதற்குச் சாட்சி சொன்னது யார்?

1989-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி. அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில், "எக்சான் வால்டீஸ்" என்ற எண்ணெய்க் கப்பல் கடற்பாறையில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. பல நூறு மைல் நீளக் கடற்கரை கறுத்துப் போயிற்று. கடற்பறவைகளும் நீர்நாய்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

கரையைக் கழுவ ஆட்கள் வெந்நீரைப் பீய்ச்சினார்கள். இன்னொரு படையும் வேலை செய்தது. அது கண்ணுக்குத் தெரியாத படை!

கடற்கரைக்கு உரம்

எண்ணெயைத் தின்னும் நுண்கிருமிகள் மண்ணிலும் மணலிலும் இயற்கையாகவே இருக்கின்றன. எண்ணெயில் உள்ள கரிச்சத்துதான் அவற்றுக்குச் சோறு. சோறு மட்டும் போதுமா? குழம்பும் வேண்டாமா? தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைத்தால்தான் கிருமிகள் பெருகும். ஆகவே, பயிருக்குப் போடுவதுபோல் கடற்கரைக்கும் உரம் போட்டார்கள்!

எண்ணெய் குறைந்தது. ஆனால் கிருமிகள் தின்று குறைந்ததா? அலை அடித்துக்கொண்டு போனதா? அலை கொண்டு போயிருந்தால், நஞ்சு ஒழியவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது!

பொங்கலும் மிளகும்

இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. அதன் பெயர் "ஹோப்பேன்". கச்சா எண்ணெயில் சிறிதளவு இருக்கும் பொருள். கிருமிகள் அதை எளிதில் தொடுவதில்லை.

வெண்பொங்கலை நினைத்துப் பாருங்கள். குழந்தை பொங்கலைத் தின்னும், மிளகை ஒதுக்கிவிடும். பொங்கல் குறையக் குறைய, தட்டில் மிளகுதான் மிஞ்சும். தட்டு கவிழ்ந்தால்? பொங்கலோடு மிளகும் போய்விடும்!

அதேபோல், மிஞ்சிய எண்ணெயில் ஹோப்பேனின் பங்கு கூடியிருந்தால், தின்றவை கிருமிகள். பங்கு மாறாமல் எண்ணெய் மட்டும் குறைந்திருந்தால், கொண்டு போனது அலை.

விஞ்ஞானிகள் அளந்தார்கள். கிருமிகள் தின்றிருந்தன! தழைச்சத்து நன்றாகக் கிடைத்த இடங்களில் வேகமாகத் தின்றிருந்தன. இந்த முடிவு 1994-ல் வெளியாயிற்று.

அடியில் இருந்த மிச்சம்

ஆனால் 2001-ல் தோண்டிப் பார்த்தபோது, சில இடங்களில் கற்களுக்கு அடியில் எண்ணெய் இன்னும் இருந்தது. பிராண வாயு சரியாகப் போகாத இடத்தில் கிருமிகளின் வேலை மந்தமாகிவிடும்.

எண்ணெய் ஊறிய எந்த மண்ணையும் சோதனைச் சாலையில் பரீட்சித்துப் பார்க்கலாம். அந்த மண்ணை ஒரு பாட்டிலில் போட்டு மூடுகிறார்கள். எண்ணெய் படாத அதே மண்ணை இன்னொரு பாட்டிலில் வைக்கிறார்கள். கிருமிகள் தின்னும்போது கரியமில வாயு வெளிவரும். முதல் பாட்டிலில் அது எவ்வளவு கூடுதல் என்று அளந்தால், கிருமிகளின் வேகம் தெரிந்துவிடும்.

மேலே பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொன்னால் போதாது. அளந்து பார்த்தால்தான் மண்ணின் நிலை தெரியும்!