பெயர் நிலைத்தது, மொழி?

அமெரிக்காவில் ‘கேன்சஸ்’ என்றொரு மாநிலம் உண்டு. அதன் ஆங்கிலப் பெயருக்கு முன்னால் இரண்டே எழுத்துகளைச் சேர்த்தால் கிடைக்கும் இன்னொரு மாநிலத்தின் பெயரோ ‘ஆர்கன்சஸ்’ அல்ல, ‘ஆர்கன்சா’. அப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று 1881ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் குவாபா என்ற பூர்வகுடி மக்களைப் பற்றி அறிந்தேன்.

1673ஆம் ஆண்டில் மார்கெட், ஜோலியே என்ற இரு பிரெஞ்சுப் பயணிகள் மிசிசிப்பி ஆற்றில் படகில் சென்று இம்மக்களின் ஊர்களை அடைந்தனர். இல்லினாய் மொழி பேசியோர் இவர்களை ‘அகான்சா’ என அழைத்தனர். பிரெஞ்சுக்காரர்கள் அதையே எழுதிவைத்தார்கள். இறுதியில் உள்ள ‘எஸ்’ பிரெஞ்சுப் பன்மைக்குறி. அதற்கு ஒலி இல்லை. அருகில் ஓடும் ஆற்றுக்கும் பின்னர் மாநிலத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

ஆனால், அது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களை ‘ஒகாஹ்பா’ என்கிறார்கள். ஆற்றின் போக்கில் சென்றவர்கள் என்று பொருள். உறவுமொழி பேசும் ஒமாஹா மக்களின் பெயருக்கோ நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றவர்கள் என்று பொருள். ஒன்றாக வந்தவர்கள் ஆற்றங்கரையில் பிரிந்த கதை அந்த இரு சொற்களில் இருக்கிறது.

1818, 1824ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் குவாபா மக்கள் ஆர்கன்சாவில் இருந்த தங்கள் நிலத்தை இழந்தனர். லூசியானாவுக்கு அனுப்பப்பட்டபோது வெள்ளமும் பசியும் அவர்களை வாட்டின. 1833ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இன்றைய ஓக்லஹோமாவின் வடகிழக்கு மூலைக்குச் சென்றனர். காலப்போக்கில் வீடுகளில் ஆங்கிலம் மொழியின் இடத்தைப் பிடித்தது.

1890களில் ஜேம்ஸ் ஓவன் டார்சி குவாபா சொற்களையும் கதைகளையும் எழுதிவைத்தார். 1970களில் மொழியியலாளர் ராபர்ட் ராங்கின், எஞ்சியிருந்த மிகச் சில முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார். பின்னர், அம்மக்களில் ஒருவரான ஆர்டினா மூர் வகுப்பு நடத்திக் கற்பித்தார்.

ஆர்கன்சாவில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மாநிலத்தின் பெயர் தினமும் அவர்கள் நாவில் புரள்கிறது. குவாபா மொழிக்கு அதனால் ஒரு சொல்கூட மீளவில்லை. ஆய்வாளர்கள் குறித்துவைத்த ஏடுகளே இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடநூல். மொழியியல் படித்து என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு, நான் இந்த ஏடுகளைத்தான் சுட்டிக்காட்டுவேன்.