அளவு ரவிக்கையும் அளவு நாடாவும்

என் அம்மாவிடம் ஓர் அளவு ரவிக்கை இருந்தது. கல்யாணமான புதிதில் யாரோ தைத்துக் கொடுத்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அதை அம்மா உடுத்தி நான் பார்த்ததில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருப்பார். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ புது ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் அதுதான் தையற்கடைக்குப் போகும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊரில் 1980களின் கடைசியில் ஒரே ஒரு தையற்கடைதான். ஊர்த்தெருப் பெண்கள் போனால் தையற்காரரின் மனைவி உள்ளே கூட்டிப்போய் நாடா பிடித்து அளப்பார். எங்கள் காலனிப் பெண்களிடம் ஒரே கேள்வி: “அளவு ரவிக்கை கொண்டாந்தியா?” அதைத் துணியோடு சேர்த்துத் திண்ணையில் வைத்துவிட்டு வர வேண்டும். மூன்று பிள்ளை பெற்ற பிறகும் அம்மாவுக்கு அந்தக் கல்யாண அளவுதான். ஒவ்வொரு புது ரவிக்கையும் அக்குளில் கிழிந்தது. துணி மட்டம் என்று அம்மா சொல்வார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

அளவு ரவிக்கை கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், இன்றைக்கும் உண்டு. ஆனால் மற்றவர்களுக்கு அது வசதி. வேண்டாமென்றால் கடைக்குள் போய் நின்று அளவு கொடுக்கலாம். எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய தீண்டாமை ஆய்வு 2006இல் நூலாக வந்தது. டீக்கடை, சலூன், கோவில் என்ற வரிசையில் தையற்காரரும் வருகிறார்: தலித்துகளைத் தொட்டு அளவெடுக்க மறுப்பது. படித்தபோது டிரங்குப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெயர் வேண்டாம் என்றாள். பிளஸ் டூ முடித்து என்னிடம் யோசனை கேட்க வந்தபோது நான் தடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “பி.ஏ. தமிழ் எடு, டி.என்.பி.எஸ்.சி. எழுது. தையல் படிக்கவா காலேஜ்?” என்றேன். அவளுடைய அம்மா தளவாய்புரத்து நைட்டிக்குப் பீஸ் ரேட்டில் தைப்பவர். இருபது வருடமாக மிஷினில் குனிந்த முதுகு. மகளும் அதே மிஷினுக்குத்தான் போக வேண்டுமா என்பதுதான் என் பயம். “அம்மா தைக்கிறாங்க அக்கா. நான் வெட்டணும்” என்றாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

முதல் பருவத்தில் அவர்களுக்கு முதல் செய்முறையே அளவெடுப்பது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் மற்றவருக்கு அளவெடுக்கச் சொல்வார்கள். மார்பு, இடுப்பு, தோளகலம், கைக்குழி, முதுகு நீளம், கழுத்தாழம். நாடா சுற்றி வர வேண்டும், இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். தொடாமல் முடியாது. யாரோடு ஜோடி என்பதை வருகைப் பதிவேட்டு வரிசை முடிவு செய்யும், தெரு முடிவு செய்யாது. “பக்கத்துல நின்னவ என்ன ஆளுன்னு கேட்கலையா?” என்றேன். “அது ஹாஸ்டல்ல கேட்டாங்க, ரெண்டாவது வாரம். அதுக்குள்ள அளவெடுத்து முடிச்சிட்டோம்” என்று சிரித்தாள்.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நம் வீடுகளில் இது தெரியாததால்தான் ‘தையல் கிளாஸ்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். துணி தட்டை, உடம்பு வளைவு. தட்டையை வளைவுக்குக் கொண்டுவருவதுதான் முழுப் பாடமும். எடுத்த அளவிலிருந்து கணக்குப் போட்டுக் காகிதத்தில் அடிப்படை வடிவம் வரைகிறார்கள். அதைப் பேட்டர்ன் என்கிறார்கள். மார்பளவை நான்கால் வகுத்து, தளர்வு கூட்டி, தையலுக்கு விடும் ஓரத்தைச் சேர்த்து வரைய வேண்டும். எங்கே எத்தனை அங்குலம் மடித்து டார்ட் பிடித்தால் துணி நெஞ்சில் உட்காரும் என்பது வடிவக் கணிதம். அதே டார்ட்டைத் தோளுக்கும் கொண்டுபோகலாம், கைக்குழிக்கும் கொண்டுபோகலாம். ஒரு பேட்டர்னிலிருந்து பத்து ரவிக்கை பிறக்கும். பிறகு அதைச் சின்னதும் பெரியதுமாக எல்லா சைஸுக்கும் ஏற்றி இறக்குவது. அதன்பின், துணியின் மேல் பேட்டர்ன்களை வீணில்லாமல் அடுக்குவது. நூறு நைட்டி வெட்டும் இடத்தில் ஒரு நைட்டிக்கு இரண்டு அங்குலம் மிச்சப்படுத்தினால் என்ன கிடைக்கும் என்று முதலாளிகளுக்குத் தெரியும். தைப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

நூலின் திசையும் ஒரு பாடம். பாவு போகிற பக்கம் துணி இழுபடாது. ஊடைப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும். மூலைவாட்டில் வெட்டினால் நன்றாக நெகிழும். கிராஸ் கட் ரவிக்கை உடம்போடு ஒட்டுவது அதனால்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டுப் பிள்ளைக்குப் பாவும் ஊடையும் புதிதல்ல. இந்தப் பாடத்தில் டவுன் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகள் ஒரு படி முன்னால் நிற்பார்கள். துணியைத் தீயில் காட்டி இனம் பிரிக்கும் பரிசோதனையும் உண்டு: பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த வாசனையும் மெல்லிய சாம்பலும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், பட்டு, முடி கருகிய நாற்றம். “சுத்தக் காட்டன்” என்று சந்தையில் கூவி விற்பவரிடம் இனி அவள் வீட்டில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் நூற்பாலை 1936லிருந்து ஓடுகிறது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரத்துப் பேண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. தளவாய்புரமும் செட்டியார்பட்டியும் நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் பேர்போனவை. சுந்தரபாண்டியத்தில் கைத்தறி. பஞ்சு முதல் உடுப்பு வரை எல்லாம் ஒரு பஸ் தூரத்தில். இந்தச் சங்கிலியில் நம் சனங்கள் எங்கே இருக்கிறார்கள்? ஸ்பின்னிங்கில் ஷிப்டு பார்க்கிறார்கள், கைமடக்கித் தைக்கிறார்கள், பிசிர் வெட்டிப் பொத்தான் கட்டுகிறார்கள். கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை, அதிலும் பெண்ணை. “நான் வெட்டணும்” என்று அவள் சொன்னதன் பொருள் அந்த மேஜைதான்.

உடைக்கும் நமக்கும் உள்ள கணக்கு இன்று நேற்றைய கணக்கு அல்ல. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச்.ஹட்டன் அந்தப் பட்டியலைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ, மஞ்சள் பூச்சு கூடாது. செருப்பும் குடையும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. சட்டைக்கும் படிப்புக்கும் ஒரே கை பூட்டுப் போட்டது.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் புடவை கட்டும் விதத்தைப் பற்றியே பேசினார். தீண்டப்படாதவர் என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும் கட்டையும் நகையையும் விட்டுவிடச் சொன்னார். பெண்கள் உடனே மாற்றிக் கட்டினார்கள் என்று படிக்கிறோம். அவரது கோட்டையும் சூட்டையும் கேலி செய்தவர்கள் இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. ஆன் லோ என்று ஒரு கறுப்பினப் பெண். அமெரிக்காவின் அலபாமாவில், அடிமைப்பட்டிருந்த குடும்பத்தின் வழியில் பிறந்தவர். பாட்டியிடமும் அம்மாவிடமும் தையல் கற்றார். 1917இல் நியூயார்க்கில் ஒரு வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தபோது, வெள்ளைக்கார மாணவிகளோடு உட்காரக் கூடாதென்று தனி அறையில் வைத்தார்கள். அவர் செய்த வேலையைப் பார்க்க அந்த மாணவிகளே பிறகு அந்த அறைக்கு வந்தார்கள். 1953இல் ஜான் கென்னடியைக் கைப்பிடித்த ஜாக்குலினின் கல்யாண உடையை வடிவமைத்தவர் இந்த ஆன் லோதான். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து உடைகள் பாழாயின. மறுபடி துணி வாங்கி, ராப்பகலாகத் தைத்து, கை நட்டத்தோடு அனுப்பினார். உடையை நாடே பேசியது. பெரும்பாலான பத்திரிகைகள் அவர் பெயரைப் போடவில்லை.

பெயர் போடாதது ஒரு பக்கம் இருக்கட்டும். உயிரே போன கதை நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர்மேல் வழக்குப் பதிவானது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியதன் பேரில் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலியல் தொல்லைக்கு மட்டுமல்ல, சாதிக் கொடுமைக்கும் எதிராக ஆலையும் வெளிநாட்டு நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை அது. ஆடைத் துறைக்குள் போகும் நம் பெண்கள் அளவெடுக்கக் கற்பதோடு இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விருதுநகர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் மெகா ஜவுளிப் பூங்கா வருவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். வரட்டும். அங்கே மேஜை யாருக்கு, மிஷின் யாருக்கு என்று இப்போதே கேட்டு வைப்போம்.

படிக்க என்ன வழி என்று கேட்பவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு தையல் தொழில்நுட்பம் படிக்கலாம். பாலிடெக்னிக்கில் ஆயத்த ஆடைத் தொழில்நுட்ப டிப்ளமோ இருக்கிறது. நெசவு பிடித்தவர்களுக்குச் சேலத்தில் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். பிளஸ் டூவுக்குப் பிறகு கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்சி., பொறியியலில் நான்காண்டு பி.டெக். எல்லாவற்றுக்கும் மேலே நிஃப்ட். சென்னை தரமணியில் 1995லிருந்து இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு ஏழரை சதவீதம் இடம். நுழைவுத் தேர்வில் ஒரு தாள் வரைதலும் கற்பனையும், இன்னொன்று பொது அறிவும் மொழியும் கணக்கும். இரண்டாவது தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர் அங்கேதான் தடுக்கி விழுகிறார். பதினொன்றாம் வகுப்பிலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும். திருப்பூரில் நிஃப்ட்-டீ என்று ஒரு கல்லூரி இருக்கிறது. அது வேறு, இது வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கட்டணத்துக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. நிஃப்ட் போன்ற நிறுவனங்களுக்கு மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகை தனியாக உண்டு. அதில் வருமான வரம்பு 8 லட்சம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். ஆம், பையன்களும் இதைப் படிக்கலாம். ஊரில் தையற்காரர் ஆணாக இருந்தால் யாரும் சிரிப்பதில்லை, கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் சிரிக்கிறார்கள்.

இந்தத் திட்டங்கள் எதிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது. துணி. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாதிரி தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும். குழந்தைச் சட்டை, சல்வார், சட்டை, கடைசி ஆண்டில் கண்காட்சிக்கு முழு உடுப்பு. காடாத்துணி, சார்ட் அட்டை, பிரெஞ்சு கர்வ், நல்ல கத்தரிக்கோல், வண்ணப் பென்சில். கட்டணம் ஒருமுறை கட்டினால் தீர்ந்தது. இது வாரா வாரம் கேட்கும். உதவித்தொகையோ வருஷக் கடைசியில்தான் கணக்கில் ஏறுகிறது. முதல் ஆண்டில் அவளோடு சேர்ந்த நம் பிள்ளைகளில் ஒருத்தி இந்தத் துணிக்காசு கேட்க வெட்கப்பட்டே நின்றுவிட்டாளாம். நம் அமைப்புகள் புத்தகம் வாங்கிக் கொடுக்கின்றன, நோட்டு கொடுக்கின்றன. பத்து மீட்டர் காடாத்துணி கொடுக்கலாம் என்று இதுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவளுக்குத் துணிக்கவலையை அவள் அம்மா தீர்த்தார். நைட்டி வெட்டி மிஞ்சும் துண்டுகளை மூட்டையாக எடைக்கு வாங்கி வந்து போட்டார். அதிலிருந்து அவள் தைத்த ஒட்டுத்துணி மாதிரிகளை வகுப்பில் சுற்றுக்கு விட்டார்களாம்.

போன கோடை விடுமுறையில் அவள் தான் வரைந்த நைட்டிப் பேட்டர்னைச் சுருட்டிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனாள். பழைய முறையில் தோள்பட்டையிலும் கைப்பகுதியிலும் வீணாகிற துணியைக் குறைத்திருந்தாள். முதலாளி விரித்துப் பார்த்தார். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் அளந்து பார்த்துவிட்டு மிச்சம் வருகிறது என்றே சொன்னார். “பேட்டர்ன வச்சிட்டுப் போம்மா. தையலுக்கு வேணும்னா நாளைக்கே வா” என்றார் முதலாளி. அவள் பேட்டர்னைத் திரும்பச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வரும் மே மாதம் வேறொரு பட்டறையில் கேட்கப் போகிறாளாம், கட்டிங்குக்கு.