மலையேறிய தந்திக் கம்பங்கள்

நாவலப்பிட்டி தாண்டி ஹட்டன் பக்கம் ரயிலில் போகிறவர்கள் தேயிலை மலையைப் பார்ப்பார்கள், அருவியைப் பார்ப்பார்கள். பாதையோரத்துத் தந்திக் கம்பத்தை யார் பார்க்கிறார்கள்? ஆனால் பிள்ளைகள் பார்க்கிறார்கள். "சேர், இதை ஏன் ரயில் ரோட்டு ஓரமாவே நட்டாங்க?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

இலங்கையில் தந்தி, ரயிலுக்கு மூத்தது. கொழும்புக்கும் காலிக்கும் 1858இலேயே கம்பி இழுத்தாயிற்று. முதல் ரயில் ஓடியது 1864 கடைசியில். ரயில் ஹட்டனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் எட்டியது. காடு வெட்டிச் சமன் செய்த பாதை இருக்கும்போது கம்பிக்கென்று வேறு காடு வெட்டுவானேன்? கம்பத்தை ரயிலிலேயே ஏற்றி வரலாம். கம்பி அறுந்தால் பாதை பார்க்கும் ஆட்களின் கண்ணில் பட்டுவிடும்.

இது பாதிப் பதில்தான். மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்னாகும்? அதற்காகத்தான் டெப்லட் முறை. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் கம்பியால் பிணைத்த ஒவ்வொரு பெட்டி இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வந்துவிட்டால், அது திரும்ப ஏதாவதொரு பெட்டிக்குள் போகும்வரை மற்றொன்றை எடுக்க முடியாது. அந்தத் தகடு கையில் இல்லாமல் டிரைவர் புறப்படக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து எட்டிப் பிடிப்பதை இந்தப் பாதையில் பலரும் கண்டிருப்பீர்கள். ஆக, கம்பத்துக் கம்பி சேதியை மட்டும் சுமக்கவில்லை, பயணிகளின் உயிரையும் சுமந்தது.

நடுவதிலும் கணக்கு உண்டு. 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம், நூறு மீற்றர் ஆரை அளவுக்குக் கூடக் குறுகிய வளைவுகள். வளைவில் கம்பி எப்போதும் உட்பக்கமாகவே இழுக்கும். வெளிப்பக்கம் நட்ட கம்பம் சாய்ந்தால் தண்டவாளத்தின் மேலேயே விழும். உட்பக்கம் நட்டால் பாதையை விட்டு அப்பால் விழும். ஆனால் வளைவுக்கு வளைவு பக்கம் மாற்றினால், கம்பி எஞ்சினுக்கு மேலாகக் குறுக்கே போகவேண்டி வரும். அதனால் ஒரே பக்கமாகக் கொண்டுபோய், இழுப்புக்கு எதிர்ப்பக்கம் தாங்குகம்பி கட்டி, வளைவுகளில் கம்பங்களை நெருக்கி நடுவது வழக்கம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட சிங்கமலைச் சுரங்கம் போன்ற இடங்களில் கம்பத்துக்கு இடமேது? அங்கே கம்பியைக் குன்றின் மேலால் கொண்டுபோக வேண்டும், இல்லையேல் கேபிளாகச் சுவரோடு பதிக்க வேண்டும்.

துரைமாருக்குத் தந்தி என்றால் தேயிலை விலை. நம்மட கடைக்காரருக்கும் லயத்துச் சனத்துக்கும் தந்தி என்றாலே மவுத்துச் செய்தி. கடிதம் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா அடக்கமாகிவிடும். முகம் பார்க்க வேண்டுமானால் தந்திதான். இந்தியா 2013 ஜூலையில் தன் தந்திச் சேவையை மூடிவிட்டது. இங்கேயும் கைபேசி வந்த பிறகு தபாற்கந்தோரில் தந்திப் படிவம் கேட்பவர் எவரும் இல்லை. பழைய தந்தித்தாள் எவர் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். தேதியும் ஸ்டேஷன் பெயரும் அதில்தான் இருக்கும்.