இல்லத்துப் பவளத்தொட்டி: இயற்கை ஒழுங்கில் மீட்டமைத்தல்

பவளத்திட்டு என்பது, கடல்நீரில் கரைந்து கிடக்கும் சுண்ணகத்தைப் பிரித்தெடுத்துச் சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கட்டியெழுப்பிய கல்மேடு. அதைக் கட்டும் விலங்கு பவளமொட்டு. பெரும்பாலும் சில மில்லிமீட்டரே குறுக்களவுள்ள அதற்குக் குழல் போன்ற உடலும், வாயைச் சூழ்ந்த கொட்டிழைகளும் உண்டு. அதன் உடலிழையத்துள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. உட்பாசி என நாம் அழைக்கும் அது, கதிரொளியைக் கொண்டு சமைத்த உணவில் பெரும்பங்கை மொட்டுக்கு ஈகிறது. மொட்டு தன் கழிவையும் கரிவளியையும் பாசிக்கு எருவாக அளிக்கிறது. மொட்டின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இக்கூட்டுவாழ்வால் நிறைவேறக்கூடும். இத்தகைய திட்டின் ஒரு கூற்றைக் கண்ணாடிக் கலத்துள் உயிரோடு நிலைநிறுத்தும் அமைப்பே பவளத்தொட்டி.

சார்லசு டார்வின் 1842-இல் வெளியிட்ட நூலில் திட்டுகளைக் கரையோரத்திட்டு, தடுப்புத்திட்டு, வட்டத்திட்டு என மூவகைப்படுத்தினார். அது திட்டுகளின் பிறப்பை விளக்கும் பாகுபாடு. தொட்டி அமைப்போர்க்கு அதனினும் பயன்படுவது ஒரே திட்டின் உட்பிரிவு. கரைப்பக்கம் ஆழங்குறைந்து அமைதியாய்க் கிடப்பது உட்காயல். அதையடுத்து, நீர் வற்றும்பொழுது தலைகாட்டும் தட்டையான நிலம் திட்டுமேடை. அலை வந்து உடையும் விளிம்பு முகடு. முகட்டுக்கு அப்பால் ஆழ்கடல் நோக்கி இறங்குவது முகச்சரிவு. இந்நான்கிலும் உவர்ப்பு ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவன நீரோட்டமும் ஒளியுமே. அவ்விரண்டின் வேறுபாட்டால் உயிர்களின் வடிவம் முழுதும் மாறிவிடுகிறது.

ஒரே இனத்துக் கிளைப்பவளம், அலை மோதும் முகட்டில் குட்டையாய்த் தடித்து நெருங்கியும், அமைதியான காயலில் மெலிந்து நீண்டு இடைவெளி விட்டும் வளர்வதுண்டு. ஆழம் மிகுந்து ஒளி குறையும் சரிவிலோ, பல இனங்கள் மேல்நோக்கி எழுவதை விடுத்துத் தட்டுப்போல் கிடையாய் விரிகின்றன. குறைந்த ஒளியை நிறைய ஏந்துவதற்கு அவ்வடிவமே ஏற்றது. நீரின் சிவப்பொளி முதற்சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் விழுங்கப்பட, நீலவொளி ஆழ்ந்து செல்வதால் சரிவின் நிறமும் வேறாகிறது. வளர்ச்சி விரைவும் ஒன்றன்று: கிளைப்பவளம் ஆண்டுக்குப் 10 செ.மீ. அளவு நீளக்கூடும், உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு செ.மீ. அளவே பருக்கும். ஓட்டமும் ஒளியும் ஏதுக்கள். தோற்றம் அவற்றின் விளைவு. இயற்கைத் தோற்றம் வேண்டுவோர் விளைவை ஒட்டவைக்க முயலாமல், ஏதுவை அமைக்க வேண்டும்.

இவ்விதியை மறந்த தொட்டிகளே மிகுதி. பின்கண்ணாடியை ஒட்டிக் கற்களைச் சுவராய் அடுக்கி, படிதோறும் ஒரு நிறத்துப் பவளத்தைப் பொம்மைக் கொலுவைப்போல் நிறுத்துவர். முகட்டுப் பவளமும் காயற்பவளமும் அடுத்தடுத்து நிற்கும். சுவரின் பின்னே நீர் தேங்கிக் கசடு படியும். மீன் ஒளியவோ நீந்தவோ வெளி இராது. இடையில் நெகிழியால் செய்த உடைந்த கப்பல் ஒன்றும் கிடக்கும். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

மீட்டமைப்பில் முதற்பணி, நான்கு பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து மற்ற மூன்றையும் துறத்தல். வீட்டுத்தொட்டிக்கு முகச்சரிவின் மேற்பகுதி நன்கு பொருந்தும் என்பது என் கருத்து. ஒளியும் ஓட்டமும் அங்கே கடுமையுமன்று, குறைவுமன்று. 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 55 செ.மீ. உயரமும் கொண்ட கலம் ஏறத்தாழ 400 இலிட்டர் கொள்ளும். அதில் கற்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடங்கொள்ளலாகாது. நடுவைத் தவிர்த்து ஒருபுறம் பெருமேடும் மறுபுறம் சிறுமேடும் அமைத்து, இடையே மணற்பள்ளத்தாக்கு ஒன்றை விட்டு, எப்பக்கக் கண்ணாடியையும் தொடாதவாறு நிறுத்தினால் நீர் கற்களைச் சுற்றிவரும். கற்களைக் கண்ணாடியிழைக் கம்பியாலும் பைஞ்சுதையாலும் பிணைத்து, கீழே குகையும் மேலே தாழ்வாரமும் உண்டாக்கலாம். முதலில் கல், பின்னரே மணல்: அடிக்கல் மணல்மேல் நின்றால், மண்ணகழும் உயிர்கள் ஒருநாள் முழுமேட்டையும் சரித்துவிடும்.

உயிருள்ள தொட்டியைக் கலைப்பதில் அழகினும் உயிர்காப்பு முந்தியது. அதற்குக் கல்லின் பணியை அறிதல் வேண்டும். 1961-இல் சகார்த்தா நகரின் இலீ சின் எங் என்பார், கடலினின்று எடுத்த துளைமிகு கல்லும் கதிரொளியும் காற்றுக்குமிழியும் கொண்டே கடலுயிர்களை வளர்க்கும் முறையை எழுதி உலகுக்கு உணர்த்தினார். பின்னர் பெர்லின் வளர்ப்பாளர்கள் அத்தகைய கல்லோடு நுரைப்பிரிப்பானையும் வலிய விளக்கையும் சேர்த்துக் கற்பவளங்களை நெடிது வளர்த்தனர். உயிர்ப்பாறை எனத்தகும் அக்கல்லின் திறம், அதில் வாழும் நுண்ணுயிரிகளின் திறமே. புறத்தே வாழ்வன, மீன்கழிவில் பிறக்கும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உயிர்வளி எட்டாத உட்துளைகளில் வாழ்வன, நைட்ரேட்டைக் காற்றில் கலந்துபோகும் நைட்ரசன் வளியாக்கி வெளியேற்றுகின்றன. இவற்றின் இருப்பிடம் கல்லும் மணலுமே, நீரன்று. எனவே கற்களை வெயிலில் காயவிடுதலும் குழாய்நீரில் கழுவுதலும் தொட்டியின் குடலை அறுப்பதற்கு ஒப்பாகும். இளஞ்சூடும் ஓட்டமும் உள்ள கடல்நீர்க் கலங்களில் அவற்றை வைத்திருத்தல் வேண்டும். பழைய மணற்படுகையை உயிர்கள் உள்ளிருக்கக் கிளறுதலும் தீது. அதன் அடியில் தேங்கிய, அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக நச்சுவளி வெளிப்பட்டு மீன்களைக் கொல்லும். மீண்டும் நிறைத்தபின் அம்மோனியா சுழியாகும் வரை பவளத்தையும் மீனையும் சேர்க்கலாகாது.

நீரின் அளவைகள் எங்கும் சொல்லப்படுவன. சுருங்கக் கூறின், ஆயிரத்துக்கு 35 பங்கு உவர்ப்பும், 25 முதல் 26 பாகை செல்சியசு வெப்பமும், இலிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவு சுண்ணகமும், 1,290 அளவு வெளிமமும் (மக்னீசியம்) கடலின் இயல்புக்கு அண்மையன. சென்னைக் கோடையில் குளிரூட்டி இல்லாமல் இவ்வெப்பநிலை நில்லாது. ஓட்டத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரு அலையூட்டிகளை மாறிமாறி இயக்குதல் நன்று. ஒரே பக்கத்தினின்று ஓயாது பீய்ச்சும் நீரைக் கடற்பவளம் அறியாது. விளக்கைப் புதிதாக்கினால் ஒளியைக் கிழமைதோறும் சிறிது சிறிதாய் உயர்த்துக. திடீர் ஒளியில் மொட்டு தன் உட்பாசியை இழந்து வெளிறிப்போகும்.

பவளங்களை நடும்பொழுது வெறுமையை அஞ்ச வேண்டா. நீண்ட கொட்டிழைகளை இரவில் வீசி அண்டையிலுள்ளதை எரிக்கும் இனங்கள் உண்டு. இன்று கைப்பிடியளவு உள்ள கிளை சில ஆண்டுகளில் முழுமேட்டையும் மூடும். மணற்பள்ளத்தாக்கில் ஓர் உளுவை மீனையும் ஒரு சொடுக்கு இறாலையும் சேர்த்து விடுக. கண்பார்வை குன்றிய இறால் வளையைத் தோண்டும். உளுவை வாயிலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு ஓயாது அதன் உடலைத் தொட்டுக்கொண்டிருக்க, வாலசைவு கண்டதும் இரண்டும் உள்ளே மறையும். எந்த நிறமிகு பவளத்தினும் இக்காட்சியே தொட்டியைத் திட்டாக்குகிறது.

தமிழ்நிலத்தார் ஒன்றை இங்கு அறிந்திருத்தல் வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகள், சுண்ணாம்புக்காக நெடுங்காலம் வெட்டப்பட்டவை. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் கற்பவளங்கள் அனைத்தும் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டன. நம் கடலினின்று அவற்றை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். பைஞ்சுதையும் சிப்பித்தூளும் உப்பும் பிசைந்து வார்த்த செயற்கைக் கல், நன்கு ஊறிக் காரம் நீங்கியபின், சில திங்களில் நுண்ணுயிரிகளை ஏற்று உயிர்ப்பாறையின் வேலையைச் செய்யும். தொட்டியை மீட்டமைக்க எண்ணுவோர் அதனையே கொள்க; கடலின் கல்லைக் கடலிலேயே விடுக.